கிள்ளுகிற ரேடியோ

ஜூன் 6

அண்ணா,

நலமா என்று கேட்டு ஆரம்பித்தால் நீ இரண்டு பக்கத்துக்கு முதுகுவலியைப் பற்றி எழுதுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வால்வு ரேடியோ கிள்ளுகிறது.

விளையாட்டு இல்லை. ஸ்டேஷன் மாற்றும் குமிழ் போன மாதம் உடைந்து விழுந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது வெறும் இரும்புத் தண்டுதான். அப்பா அதைப் பிடித்துத் திருப்பும்போது சில நாள் ஒன்றும் ஆவதில்லை, சில நாள் சுரீரென்று அடிக்கிறது. நேற்று தூசி துடைக்கப் போன எனக்கும் அடித்தது. முழங்கை வரைக்கும் விறுவிறுவென்று ஏறியது. அப்பா சிரிக்கிறார். "பழைய சிநேகிதன்மா, கிள்ளத்தான் செய்வான்" என்கிறார். மின்வாரிய சப்ஸ்டேஷனிலேயே காலத்தைக் கழித்தவருக்குக் கரண்டோடு ஏதோ சொந்தபந்தம் இருக்கலாம். எனக்கு அப்படி எதுவும் கிடையாது.

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். இரண்டு அறை வீடு. பார்வை போனதிலிருந்து அவருக்குப் பாம்புக் காது. நான் அடுப்படியில் "அண்ணா" என்று முணுமுணுத்தால் போதும், அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார். மாமனார் வீட்டோடு போனவன் என் வாசலை மிதிக்கக் கூடாது, அவன் பேச்சே இங்கே எடுக்கக் கூடாது என்று அவர் போட்ட தடை அப்படியேதான் இருக்கிறது. பேனா ஓடும் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்பதில்லை.

எனக்கு இந்த ரேடியோ ஓடியாக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியம்மா என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார். லென்ஸைத் தேய்த்து பிரேமில் உட்கார வைக்க என் கை மாதிரி வேறு கை கிடைக்கவில்லையாம். இந்த மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ரேடியோ பேசிக்கொண்டிருந்தால் அப்பா அரைநாள் தனியாக இருப்பார். சாயங்காலம் தானே தடவிப் போய் பிளக்கைப் பிடுங்கிவைத்துவிட்டுப் படுப்பார். அது நின்றால் நான் வாசல்படி தாண்ட முடியாது.

எதை எங்கே மாற்ற வேண்டும், சொல்.

தங்கை


ஜூன் 11

வாயாடிக்கு,

முதலில் எழுந்து போய் அந்தப் பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிவிட்டு மீதியைப் படி.

அந்தக் காலத்து ரேடியோவில் நல்ல வகைக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். சுவரிலிருந்து வரும் கரண்டுக்கும் ரேடியோவின் உடம்புக்கும் நேரடித் தொடுப்பு இருக்காது. அப்பாவுடையது டிரான்ஸ்பார்மரே இல்லாத வகை. சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பியில் ஒன்று நேராக சேஸிஸில், அதாவது வால்வெல்லாம் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டில், போய்ச் சேர்கிறது. நீ சொல்லும் தண்டும் அந்தத் தட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் பிளக்கோ இரண்டு கால் பிளக், எப்படித் திருப்பினாலும் சொருகிக்கொள்ளும். ஒரு பக்கமாகச் சொருகினால் தட்டில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, ஒன்றும் ஆகாது. மாற்றிச் சொருகினால் தட்டு முழுக்கக் கரண்ட். இவ்வளவு நாள் கிள்ளலோடு போனது காய்ந்த தரையும் அவர் போட்டிருக்கும் ரப்பர் செருப்பும் செய்த உபகாரம்.

நீ அதைப் பிரிக்காதே. துணியைப் போட்டு மூடிவை. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கிக் கொடு.

நான் வந்து பார்க்கலாம்தான். வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் அவர், நான் இல்லை. இங்கேயும் என்னை விட்டால்தானே. மாமனாரின் மோட்டார் ரிப்பேர் கடை கீழே, வீடு மேலே. இறங்கினால் மாமனார், ஏறினால் மாமியார். எரிந்த மோட்டார்கள் வாசல் வரை குவிந்து கிடக்கின்றன, செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிச் சுற்றி என் விரலே செப்புக் கலராகிவிட்டது. தெருமுனைக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தால்கூட "மாப்பிள்ளை எங்க காணோம்?" என்று விசாரணை நடக்கிறது.

அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

மூடிவைத்தேன். சின்ன ரேடியோவும் வாங்கினேன். ஒரு பாட்டு முடிவதற்குள் "இது என்ன, டப்பாக்குள்ள கொசுவ போட்டு அடைச்ச மாதிரி" என்று ஒதுக்கிவிட்டார். பெரிய ரேடியோவின் சூடு அவருக்கு வேண்டும். மரப்பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டால்தான் ஆள் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

அது மௌனமானதிலிருந்து எங்கள் வீடு எப்படி ஓடுகிறது என்று கேள். "எங்க இருக்க?" அடுப்படியில்பா. "என்ன பண்ற?" பாத்திரம் கழுவுறேன்பா. "சத்தமே காணோமே?" இப்பதான்பா குழாய நிறுத்தினேன். குளிக்கும்போதும் தாழ்ப்பாள் போட முடியவில்லை. பதில் வர ஒரு மூச்சு தாமதமானால் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்துவிடுகிறார். கோபமாக இருந்தால்கூடத் திட்டிவிடலாம். பயந்து போய் வருகிறார், அதுதான் என்னைக் கட்டிப் போடுகிறது. கறிகாய் வாங்க மாடி வீட்டு அக்கா கையில் பையைக் கொடுத்தனுப்புகிறேன். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தே நாள் போகிறது. எதிர்வீட்டுக்காரர் சட்டைகளின் வரிசை எனக்கு மனப்பாடம்.

உனக்கு மேலே ஒரு சிறை, கீழே ஒரு சிறை என்று எழுதியிருக்கிறாய். நடுவில் படி இருக்கிறது இல்லையா? எனக்கு அதுவும் இல்லை.

சொல்லித் தருகிறாயா, இல்லை நானே பிரித்துப் பார்த்துக்கொள்ளவா? திருப்புளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 19

பிடிவாதக்காரிக்கு,

திருப்புளியைக் கீழே வை. இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலைப் பிரி. உள்ளே புது வயர், பியூஸும் அதை மாட்டும் கூடும், இரண்டு கன்டென்சர், ஒரு ரெசிஸ்டர், ஒரு பிளாஸ்டிக் குமிழ், மாமனாருக்குத் தெரியாமல் எடுத்த பழைய சாலிடரிங் அயர்ன். படம் வரைந்து வைத்திருக்கிறேன். அதைப் பார்க்காமல் எதையும் தொடாதே.

பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டுதான் பின் அட்டையைக் கழற்ற வேண்டும். பிளக் வெளியே இருந்தாலும் உள்ளே பெரிய கன்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட வயரில் ரெசிஸ்டரைக் கட்டி அதன் இரண்டு முனையிலும் வைத்து, மெதுவாக இறங்கவிடு. அப்போது இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும். சிரிக்காதே, எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என் இடது கையைக் கட்டியே வைத்திருந்தார்.

பழைய வயரின் ரப்பர் தொட்டால் உதிரும். மொத்தமாக எடுத்துப் போடு. புது வயரில் கரண்ட் வரும் கம்பி முதலில் பியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு, பிறகுதான் ரேடியோவுக்கு. நியூட்ரல் தட்டுக்கு. இதை மாற்றிவிட்டால் எல்லாம் போச்சு. வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கிளிப் போட்டு இறுக்கு, யாராவது இழுத்தாலும் உள்ளே சாலிடர் விட்டுப்போகக் கூடாது. கரண்ட் கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே மெழுகு வழிந்த ஒரு கன்டென்சர் இருக்கும். அதுதான் விஷப்பல். வெட்டியெறிந்துவிட்டு நான் அனுப்பியிருப்பதைப் போடு.

முதல்முறை போடும்போது நேராகச் சுவரில் சொருகாதே. ஒரு குண்டு பல்பை வழியில் மாட்டிக்கொண்டு போடு. பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணை. ஒரு தடவை பிரகாசமாகி மங்கினால் சரி.

கடைசியாக, எந்தப் பக்கம் சொருகினால் தண்டில் டெஸ்டர் எரியவில்லையோ அந்தப் பக்கத்தைப் பார்த்து, பிளக்கிலும் சுவரிலும் நேருக்கு நேர் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வை. புள்ளியும் புள்ளியும் சேர்ந்தால் ஆபத்தில்லை.

ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன்


ஜூன் 30

அண்ணா,

ரேடியோ பாடியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வரைந்த படத்தில் ஒரு கோடு பிசகாமல் செய்தேன். பல்பு ஒரு தடவை பிரகாசமாகி மங்கியது. வால்வெல்லாம் மெல்லச் சிவந்து, கரகரவென்று செருமிக்கொண்டு, யாரோ ஒருவர் செய்தி வாசிக்க ஆரம்பித்தார். அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டார். மறுநாளே கடைக்குப் போனேன். முதலாளியம்மா ஒன்றும் கேட்காமல் என் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டார். தேய்க்கும் கல்லில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் அழுகையே வந்துவிட்டது.

நேற்று மத்தியானம் திரும்பி வந்தபோது, வாசல் படிகளில் ஏறும்போதே ரேடியோ சத்தம் இல்லை. என்னைக் கூப்பிடும் சத்தமும் இல்லை. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். முடிந்தது என்று தோன்றியது. கடைசிப் படி வரைக்கும் என் உடம்பு லேசாக இருந்தது, அண்ணா. கதவைத் திறந்தேன். நாற்காலி சாய்ந்து, அவர் தரையில் கிடந்தார். "வந்துட்டியாம்மா? கிள்ளல இன்னிக்கு, கடிச்சிருச்சு" என்றார்.

பகலில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். எழுந்ததும் பக்கம் மாற்றிச் சொருகியிருக்கிறார். குமிழின் பக்கவாட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் திருகில் விரல் பட்டிருக்கிறது. குளித்த ஈரம் காயாத தரை, காலில் செருப்பும் இல்லை. விரல் நுனி பொசுங்கியிருக்கிறது, இடுப்பில் அடி. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

லைனில் கரண்ட் நின்றதா என்று கையால் பிடுங்கிப் பார்த்தால்தான் நம்புவது அவருடைய சப்ஸ்டேஷன் பழக்கம். நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிளக்கையும் அவரேதான் பிடுங்குவார், அவரேதான் சொருகுவார். நான் தினமும் பார்க்கிறேன், உனக்கும் தெரியும். பார்வை இல்லாதவருக்குச் சிவப்புப் புள்ளி வைத்த அறிவாளிகள் உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் இருப்போம்.

கடைக்குப் போகவில்லை. அவர் தூங்குகிறார். நான் படியில் யோசித்தது அவருக்குக் கேட்டிருக்குமோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு பயம்.

தங்கை


ஜூலை 4

தங்கச்சி,

கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். நீ படியில் நினைத்தது என்னோடு போகட்டும். அதைவிட மோசமாக நான் இந்த வீட்டில் தினம் நினைக்கிறேன், எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மடையன் நான்தான். கண்ணை நம்பி வேலை செய்ததுதான் தப்பு. இனி எப்படிச் சொருகினாலும் கொல்லாத மாதிரி செய்ய வேண்டும். ராத்திரி மாமனார் படுத்த பிறகு ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறேன். இந்தப் பக்கம் எத்தனை சுற்றோ அந்தப் பக்கமும் அத்தனை சுற்று. கரண்ட் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆனால் சுவருக்கும் ரேடியோவுக்கும் இடையே செப்புத் தொடுப்பு அறுந்துவிடும். தட்டைத் தொட்டுக்கொண்டு ஈரத்தரையில் நின்றாலும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழியிருக்காது. கடை மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

மூடிய பெட்டியாக வரும். சுவர்ப் பக்கம் மூன்று கால் பிளக், ஒரே மாதிரிதான் சொருக முடியும், எர்த் கம்பி பெட்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும். பியூஸ் பெட்டியின் முகப்பிலேயே இருக்கும், திருகிக் கழற்றலாம். ரேடியோ வயரைப் பெட்டிக்குள்ளேயே சேர்த்துவிடு, நடுவில் பிளக் வேண்டாம். ரேடியோவுக்குப் போகும் கம்பி எதையும் எர்த்தோடு சேர்த்துவிடாதே, சேர்த்தால் நான் சுற்றியதெல்லாம் வீண். குமிழின் திருகை உள்ளே இறுக்கி, அந்தப் பள்ளத்தை மெழுகால் அடைத்துவிடு. பின் அட்டையைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டால் இதுவும் கொல்லும், அதனால் அட்டை கழன்றபடி ஒரு நிமிஷம்கூட ஓடக்கூடாது.

இதை மாட்டிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. நீயும் நிம்மதியாக இருக்கலாம், நானும் நிம்மதியாக இருப்பேன்.

அண்ணன்


ஜூலை 18

அண்ணா,

பெட்டி வந்தது. கனத்துக்குத் தபால்காரர் என்னைத் திட்டினார். சொன்னபடியே மாட்டினேன். தண்டிலும் தட்டிலும் டெஸ்டர் எரியவில்லை. முதலில் நான் ஈரக்காலோடு நின்று தொட்டுப் பார்த்தேன். இதை முன்கூட்டியே எழுதியிருந்தால் நீ தடுத்திருப்பாய்.

அப்பா அன்று முழுக்க விரலைக் குமிழிலேயே வைத்துக் காத்திருந்தார். "கிள்ளவே மாட்டேங்குதே" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட. பிறகு நீ அனுப்பிய பெட்டி மேல் காதை வைத்தார். சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்பார்மரை அப்படித்தான் கேட்பார், ஞாபகமிருக்கிறதா? வெகுநேரம் கேட்டுவிட்டு, "கடைச் சரக்கில்ல. கையால சுத்தினது. தகட்டை நல்லா இறுக்கியிருக்கான், அதிர்வே இல்ல" என்றார். யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் தினமும் கடைக்குப் போகிறேன். எல்லாம் நீ சொன்னபடிதான் நடக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை அடுப்படியில் நின்று படித்தேன். பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. யாருடைய பத்து வருஷம், அண்ணா? ரேடியோ அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காது, கழிவறைக்குக் கூட்டிப் போகாது. அரைநாள் வெளியே விட்டு அரைநாள் உள்ளே அடைக்கிற மாதிரி என் கதவுக்கு நீ நல்ல உறுதியான கீல் செய்து கொடுத்திருக்கிறாய்.

முதலாளியம்மா புது லென்ஸ் மெஷின் வாங்குகிறார். அதைப் படிக்க ஆறு மாதம் வெளியூரில் தங்க வேண்டும். படித்தால் அந்தப் பிரிவு என் பொறுப்பு. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அங்கே இருக்க வேண்டும். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

இந்த உறைக்குள் உருளையாக ஒன்று தட்டுப்படும். பெட்டியின் பியூஸ். நான்தான் கழற்றினேன். ரேடியோ நின்றுவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். "செஞ்சவனையே வந்து பாக்கச் சொல்லு" என்றார். காதில் விழுந்ததா? அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பியூஸை எடுத்துக்கொண்டு வா. அதைப் போடு, ஆறு மாதம் அவரோடு இரு.

தங்கை


ஜூலை 24

தங்கச்சி,

பியூஸ் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும்கூடப் போனேன்.

மாமனார் அதைப் பார்த்துவிட்டார். "ஒரு பியூஸ் போடவா மாப்பிள்ளை ஊருக்குப் போறீங்க? தபால்ல அனுப்பிட வேண்டியதுதான?" என்றார். உன் அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள், அவள் அப்பா பேசும்போது அவள் எப்போதும் அப்படித்தான். ஆலை மோட்டார்கள் வந்திறங்கியிருக்கின்றன, நான் இல்லாவிட்டால் கடையே நின்றுவிடுமாம். ஆறு மாதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆறு நாள் என்றுகூட வெளியே வரவில்லை.

செஞ்சவனை வரச் சொல்லு என்று அப்பா சொன்னது மெக்கானிக்கை. என்னை இல்லை. வாசலை மிதிக்காதே என்று சொன்ன வார்த்தையை அவர் இன்னும் திரும்ப எடுக்கவில்லையே.

உறையில் ஒரு டஜன் பியூஸ் வைத்திருக்கிறேன். எல்லாம் அதே அளவு. வேறு அளவு போட்டுவிடாதே. என்னை மன்னித்துவிடு.

அண்ணன்


ஜூலை 30

அண்ணா,

உறையை நான் பிரிக்கவில்லை. அப்பா பிரித்தார். குலுக்கிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டினார். "ஆள் வரல. சாமான்தான் வந்திருக்கு" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்த பிறகு மூளை வேலை செய்தது.

"அப்பா, ரேடியோவ செஞ்சவன்கிட்டயே கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றேன். அவர் பெட்டி மேல் கையை வைத்தார். "இது போற எடத்துக்கு நானும் போறேன்" என்றார். "யார் வீடுன்னு தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "காது நல்லாத்தான இருக்கு எனக்கு. சத்தத்துலயே தெரியாதா?" என்றார்.

மாடி வீட்டு அக்காவின் கணவர் வேன் ஓட்டுகிறார். ஆகஸ்ட் நான்காம் தேதி மத்தியானம் உன் கடை வாசலில் நிற்போம். முன் ஸீட்டில் அப்பா, அவர் மடியில் ரேடியோ, காலடியில் உன் டிரான்ஸ்பார்மர். அவரை இறக்கி விட்டுவிட்டு நான் அதே வேனில் ரயில் நிலையம் போகிறேன். உன் மாமனார் எதிரில் வந்து நின்றால் நல்லது, பெட்டியை இறக்க இன்னொரு கை வேண்டும். அண்ணியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவை. ஆறு மாதம் கழித்து வந்து அழைத்துக்கொள்வேன். வருவேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

அப்பா போட்ட தடையை நான் மீறவில்லை. உன் கால் அவர் வாசலில் படக்கூடாது என்றுதான் சொன்னார். அவர் கால் உன் வாசலில் படுவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் எங்கே உட்கார வேண்டும் என்று இப்போதே பார்த்து வை. கையெட்டும் தூரத்தில் மூன்று துளை பிளக் பாயின்ட் ஒன்று இருக்கட்டும். எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துவிடு. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்.

தங்கை